நான்தான் என்று சொல்பவள்

ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இரண்டு பேர் பேசிக்கொள்ள வேண்டுமென்றால் ஒன்று தொண்டை கிழியக் கத்த வேண்டும், இல்லை கையால் ஜாடை காட்ட வேண்டும். ஒரு பக்கம் ஆள் உயர இயந்திரங்கள் படுக்கை விரிப்புகளைச் சுழற்றி அடித்துக்கொண்டே இருக்கும். இன்னொரு பக்கம் சூட்டு உருளை. பிழிந்த விரிப்பை இந்தப் பக்கம் இரண்டு பேர் முனை பிடித்து உருளைக்குள் கொடுத்தால், அந்தப் பக்கம் இரண்டு பேர் சுடச்சுட வாங்கி மடிப்பார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் வாரத்திலேயே காது வலிக்கிறது, தலை சுற்றுகிறது என்று வேறு பிரிவு கேட்டுப் போய்விடுவார்கள். அவளுக்கோ முதல் நாளே அந்த இடம் பிடித்துப்போனது. யாரும் அவளிடம் பேச்சை எதிர்பார்க்காத இடம் உலகத்தில் அது ஒன்றுதான்.

அங்கே அவளுக்கு மௌனச்சாமி என்று பெயர். வைத்தது எதிரில் நின்று மடிக்கும் ரேடியோ அக்கா. ரேடியோ அக்காவுக்குப் பெயர் தேட யாரும் சிரமப்படவில்லை. உருளையின் இரைச்சலையும் மீறிக் காலையில் ஆரம்பித்தால் ஷிப்ட் முடிகிற வரைக்கும் அக்காவுக்கு வாய் ஓயாது. மௌனச்சாமி நாளடைவில் தேய்ந்து வெறும் சாமி ஆகிவிட்டது. "சாமி, முனையைப் பிடி", "சாமி, சாப்பிடப் போலாமா" என்று அக்கா கூப்பிடுவதைக் கேட்ட புது ஆட்கள் அவளை ஏதோ விரதம் இருப்பவள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு மத்தியானம் மேற்பார்வையாளர் வாசலில் நின்று இரண்டு கையையும் ஆட்டினார். பிறகு ஒரு கையைக் காதில் வைத்துக் காட்டினார். போன். அவள் விரிப்பை அக்காவிடம் விட்டுவிட்டு வெளியே போய் வாங்கிக் கேட்டாள். மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து. உடம்புக்கு ஒன்றும் இல்லை, ஆனால் நேரில் வர முடியுமா என்றார்கள்.

வகுப்பு ஆசிரியை இளம் வயதுக்காரிதான். ஆனால் கண்ணைச் சுற்றிக் கருவளையம். மேஜை முழுக்கத் திருத்தாத விடைத்தாள்கள். அவற்றை நகர்த்திவிட்டு, "உக்காருங்கம்மா," என்றாள். "உங்க பொண்ணு மேல புகார் இல்ல. அதை முதல்லயே சொல்லிடறேன். எனக்குக் கொஞ்சம் புரியல, அவ்வளவுதான்."

விஷயம் இதுதான். அறிவியல் கூடத்தில் ஒரு மீன் தொட்டி. யாரோ அதில் சோப்புத் தூளைக் கொட்டிவிட்டார்கள். மீனெல்லாம் மிதந்துவிட்டன. தலைமையாசிரியர் வகுப்பு வகுப்பாகப் போய் யார் யார் என்று கேட்டிருக்கிறார். யாரும் வாயைத் திறக்கவில்லை. அவர் சத்தம் கூடிக்கொண்டே போனபோது இவள் மகள் எழுந்து நின்று, "நான்தான் சார்" என்றிருக்கிறாள். தொட்டியைக் கழுவவிட்டார்கள். மைதானத்தில் நிறுத்தினார்கள். எல்லாவற்றையும் மறுபேச்சில்லாமல் செய்தாள். இரண்டு நாள் கழித்து வேறு வகுப்புப் பையன் ஒருவன் தன் அப்பாவோடு வந்து, அழுதுகொண்டே ஒப்புக்கொண்டான்.

"அதைவிடக் கொடுமை என்ன தெரியுமா?" என்றாள் ஆசிரியை. "தொட்டியில சோப்பு விழுந்த நேரத்துல இவ என் முன்னாடி நின்னு பாடிக்கிட்டிருந்தா. பாட்டுப் பயிற்சி. எனக்கே அது ஞாபகம் வரல. இவ அவ்வளவு உறுதியாச் சொன்னா, நானும் நம்பிட்டேன்."

அவள் மேஜை ஓரத்தில் சரிந்த ஒரு விடைத்தாளை நேராக்கி வைத்தாள்.

"இது முதல் தடவையும் இல்லம்மா. ஒரு பிள்ளையோட தண்ணி பாட்டில் காணோம்னப்ப இவ நான்தான் எடுத்தேன்னா. அது அந்தப் பிள்ளையோட வீட்லயே இருந்துச்சு. போர்டுல தலைமையாசிரியரைக் கழுதை மாதிரி யாரோ வரைஞ்சுட்டாங்க. அதுக்கும் இவதான்னு எழுந்து நின்னா. உங்க பொண்ணுக்கு ஒரு கோடு நேராப் போட வராது, அந்தக் கழுதை அப்படியே அவரை உரிச்சு வச்ச மாதிரி இருந்துச்சு!" ஆசிரியை சிரித்துவிட்டு உடனே சிரிப்பை அடக்கிக்கொண்டாள். குரலைத் தாழ்த்தி, "தப்பா எடுத்துக்காதீங்க. வீட்ல யாராவது அவளை அடிப்பீங்களா?" என்று கேட்டாள்.

"என் கை அவ மேல பட்டதே இல்ல," என்றாள் அவள். "அவங்கப்பா கையும் படல."

அது சத்தியமான உண்மை. ஆசிரியையும் அதை நம்பினாள். நம்பியதால் இன்னும் குழம்பியவளாக, "அடிச்சாத்தான்னு இல்லம்மா..." என்று ஏதோ ஆரம்பித்தாள். அதற்குள் மணி அடித்தது. வராந்தா முழுக்கப் பிள்ளைகளின் இரைச்சல்.

மகளை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பதினொரு வயது. பெரியவள் என்றுதான் வீட்டில் கூப்பிடுவது; வயதுக்கு மீறின பொறுப்பு என்று பார்க்கிறவர்கள் எல்லாம் மெச்சுவார்கள். நெரிசலில் ஒரு பெண்மணியின் பை பெரியவளின் தோளில் இடித்தது. "சாரி ஆன்ட்டி," என்றாள் பெரியவள். பஸ் குலுங்கிக் கம்பியில் தலை முட்டியபோது கம்பியிடமும் ஒரு சாரி சொன்னாள். அம்மா அதைப் பார்த்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். கோபமா, பயமா, அவமானமா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியாத ஒன்று நெஞ்சிலிருந்து கிளம்பித் தொண்டை வரை வந்தது. வந்ததும், எப்போதும் நடப்பதுதான் நடந்தது. தொண்டை மூடிக்கொண்டது.

அது அவளுக்குப் பழகின சமாசாரம். கோபமோ துக்கமோ வந்தால் அவள் பேச்சை நிறுத்திவிடுவாள். இரண்டு நாள் ஆகும், சில சமயம் ஒரு வாரமும் ஆகும். கை வேலை நிற்காது. சமைப்பாள், சீருடைக்கு இஸ்திரி போடுவாள், பெரியவளுக்குத் தலை பின்னிவிடுவாள். வாய் மட்டும் திறக்காது. யாரையும் தண்டிப்பதற்காக அவள் அதைச் செய்யவில்லை. அப்படி யாராவது சொல்லியிருந்தால் துடித்துப்போயிருப்பாள். அவளைப் பொறுத்தவரை அது காவல்.

அவளுடைய அப்பா ஒரு கிடங்கில் சரக்குக் காப்பாளர். வெளியே சாது. வீட்டுக்குள் நுழைந்தால் எது இடம் மாறியிருக்கிறது, எது குறைகிறது என்றுதான் முதலில் கண் போகும். ஒரு கரண்டியோ சீப்போ வைத்த இடத்தில் இல்லாவிட்டால் போதும். அவளையும் தம்பியையும் சுவரோரம் நிற்கவைத்து, "யாரு?" என்பார். உடனே அடிக்க மாட்டார். "யாரு?" என்பதையே திரும்பத் திரும்பக் கேட்பார், ஒவ்வொரு தடவையும் குரல் ஒரு படி ஏறும். சமையலறை வாசலில் அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நிற்பாள். பெல்ட் அப்புறம்தான். பெல்ட்டைக்கூடத் தாங்கிவிடலாம், அந்தக் குரலைத் தாங்க முடியாது. அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். இரண்டாவது "யாரு?"விலேயே "நான்தான்" என்று சொல்லிவிடுவது. சொன்னால் சீக்கிரம் முடிந்துவிடும். தம்பி மேல் அடி விழாது, அம்மா போய் அடுப்பைப் பார்ப்பாள், எல்லாரும் சாப்பிடலாம்.

அப்பா செத்து வெகுகாலம் ஆகிவிட்டது. குரல் மட்டும் சாகவில்லை. பெரியவள் கைக்குழந்தையாக இருந்தபோது, ஒரு நாள் பால் பாத்திரத்தைத் தட்டிவிட்டாள். இவள் கத்துவதற்கு வாயைத் திறந்தாள். அப்பாவின் குரல் தொண்டைக்குள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. வெளியே வர ஒரு நொடிதான் பாக்கி. சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். அதிலிருந்து அதுதான் வழக்கம். தன் பிள்ளைகள் ஒரு நாளும் அந்தக் குரலைக் கேட்டதில்லை என்பதுதான் வாழ்க்கையில் தான் சாதித்த ஒரே காரியம் என்று அவள் நம்பியிருந்தாள். புருஷனிடம்கூட, "எங்கப்பா கொஞ்சம் கோவக்காரர்" என்பதற்கு மேல் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது வெளியே பிள்ளைகள் பேசுவது கேட்டது. சின்னவனுக்கு ஆறு வயது.

"அக்கா, அம்மா பேசுறாளா?"

"இல்லடா."

"எத்தனை நாளு?"

"ஸ்கூல்லருந்து கூப்பிட்டுட்டாங்கல்ல. நாலு நாளாவது ஆகும்."

"அப்ப லீவுக்குள்ள பேசிடுவா."

குழாயில் தண்ணீர் வராத நாட்களைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசினார்கள். அழுகை இல்லை, கோபம் இல்லை. அவள் குழாயை மூடாமல் அப்படியே நின்றாள்.

புருஷன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். ஊரிலிருக்கிற மாடிக் கட்டடங்களில் எதுவாவது நடுவில் நின்றுவிட்டால் இவனுக்குத்தான் அழைப்பு வரும். கிரீஸ் கையோடு வீட்டுக்குள் நுழையும்போதே நிலவரம் அவனுக்குத் தெரிந்துவிடும். சின்னவன் எதையாவது போட்டு உடைத்திருப்பான், பெரியவள் பெருக்கிக்கொண்டிருப்பாள். "நமக்கு வாய்ச்சது ஒண்ணு பூனை, ஒண்ணு யானை" என்று முன்பெல்லாம் சொல்லிச் சிரிப்பான். இப்போது சிரிப்பதில்லை.

அன்றைக்குச் சமையலறையில் வந்து சுவரில் சாய்ந்து நின்றான். பெரியவள் எல்லாம் சொல்லியிருந்தாள் போலிருக்கிறது.

"பேச வேணாம். கேட்டுக்க மட்டும் செய்," என்றான். "நான் களைச்சுப் போயிட்டேன். அம்மாகிட்ட கேளுப்பா, அம்மாகிட்ட சொல்லுப்பான்னு அதுங்க ரெண்டும் என்னைத் தபால்காரனா வச்சிருக்கு. நீ கோவப்பட்டா எனக்கு ஒண்ணும் இல்ல. ரெண்டு திட்டு திட்டு, ஒரு தட்டைத் தூக்கிப் போடு, வாங்கிக்கறேன். நீ கண்ணு முன்னாடி இருந்துக்கிட்டே காணாமப் போயிடற. அதுதான் என்னால முடியல."

அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பையே பார்த்தாள்.

"லிஃப்ட்ல யாராவது மாட்டிக்கிட்டா நான் முதல்ல என்ன செய்வேன் தெரியுமா? கதவைத் தட்டி, 'வந்துட்டேன், பயப்படாதீங்க'ன்னு சொல்லுவேன். திறக்க ஒரு மணி நேரம் ஆகும், அது வேற விஷயம். உள்ள இருக்கறவங்களுக்கு மூச்சு வந்துரும். இங்க யாரு உள்ள இருக்கா, யாரு வெளிய இருக்கான்னே எனக்குத் தெரியல."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. அவன் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுக் கை கழுவப் போனான்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. மத்தியானம் வந்து, காலை நீட்டிப் படுத்தாள். ஒரு வாரமாக உருளை பக்கம் ஆள் குறைவு. இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. புருஷன் வேலைக்குப் போயிருந்தான். கண் சொக்குகிற நேரத்தில் உள்ளறையில் 'டமார்' என்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து கண்ணாடி சரசரவென்று கொட்டுகிற சத்தம்.

ஓடிப் போய்ப் பார்த்தாள். அலமாரிக் கதவில் பதித்திருந்த ஆளுயரக் கண்ணாடி இல்லை. தரையெல்லாம் சில்லு. சின்னவன் பந்தைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வயிறு வீங்கினவன் மாதிரி நின்றான். பச்சைக் குழந்தை பார்த்தாலும் யார் செய்தது என்று தெரிந்துவிடும்.

பெரியவள் அவளைப் பார்த்தாள். பிறகு, யாரும் சொல்லாமல், மெதுவாகப் பின்னால் நகர்ந்து சுவரோரம் போய் நின்றாள். முதுகு சுவரில் ஒட்டியிருந்தது. இரண்டு கையும் பின்னால். தலை குனிந்து, "நான்தான்மா," என்றாள்.

இந்த வீட்டில் யாரும் யாரையும் சுவரோரம் நிறுத்தியதில்லை. கையைப் பின்னால் கட்டு என்று சொன்னதில்லை. அவள் இந்தக் கதையை எந்தப் பிள்ளையிடமும் சொன்னதில்லை. பிறகு இந்தப் பெண்ணுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

தொண்டை மூடத் தொடங்கியது. இந்த முறை முழுதாக மூடவில்லை.

"பொய் சொல்லாத!"

அவள்தான் கத்தினாள். அடிவயிற்றிலிருந்து, கட்டையாக, ஆண்பிள்ளைக் குரலில். அப்பாவின் குரல். பக்கத்து வீட்டில் ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தம் சட்டென்று குறைந்தது.

பெரியவள் நடுங்கினாள். சுவரோடு இன்னும் ஒண்டினாள். அம்மா எதிர்பார்த்தது அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெண் தலையை நிமிர்த்தி, முகம் சிவந்து, எப்போதும் யாரிடமும் பேசாத குரலில் திருப்பிக் கத்தினாள்.

"நீ ஏற்கெனவே பேசறதில்ல! இவன் உடைச்சான்னு தெரிஞ்சா இன்னும் பேச மாட்ட! இவன் நாள் பூரா அம்மா அம்மான்னு அழுவான்! அப்பா சாப்பிடாம படுப்பாரு! நான்தான்னு சொன்னா சீக்கிரம் முடிஞ்சிடும்!"

மகள் சொன்னது இவளுடைய சொந்த வாக்கியம். தன் அம்மாவிடமும் தம்பியிடமும் புருஷனிடமும் சொல்லாமல் இத்தனை காலம் தனக்குள்ளேயே வைத்திருந்தது. சலவைக்கூடத்தில் புது ஆட்களுக்கு முதலில் சொல்லித் தருவது ஒன்று உண்டு: கறைத் துணியைத் தனியாகப் போடு, சேர்த்துப் போட்டால் எல்லாத் துணியிலும் ஏறிவிடும். அவள் தனியாகத்தான் வைத்திருந்தாள். பத்திரமாக, யாருக்கும் காட்டாமல். ஆனாலும் ஏறியிருந்தது.

சின்னவன்தான் முதலில் அசைந்தான். "அம்மா, நீ கத்திட்ட!" என்றான். அவன் முகத்தில் பயத்தைவிட ஆச்சரியம் அதிகம். "அம்மா, இன்னொரு தடவ கத்து!" என்று சொல்லிக்கொண்டே அவளை நோக்கி ஓடி வந்தான். வந்தவன் சில்லில் காலை வைத்துவிட்டான்.

அப்புறம் யோசிக்க நேரமில்லை. அவனைத் தூக்கிக் கட்டிலில் போட்டாள். "ஆடாத. ஆடாதடா. இங்க வலிக்குதா? பெரியவளே, டார்ச் எடுத்துட்டு வா. செருப்பு போட்டுக்க, செருப்பு." மூன்று நாள் பேசாத வாய் தானாகப் பேசிக்கொண்டிருந்தது. பெரியவள் டார்ச் பிடித்தாள். சில்லை எடுத்து, மருந்து போட்டு, துணி சுற்றியபிறகு சின்னவன் பெருமையோடு காலைத் தூக்கி வைத்துப் படுத்துக்கொண்டான்.

பெரியவள் மறுபடி சுவரோரம் போய் நின்றாள். இன்னும் விசித்துக்கொண்டிருந்தாள். தண்டனை பாக்கி இருக்கிறது என்று நினைத்தாள் போல.

"வா இங்க," என்றாள் அம்மா. வரவில்லை.

எப்படி அழைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. தானே போய் மகளுக்குப் பக்கத்தில் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றாள். அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பெரியவளும் உட்கார்ந்தாள்.

"எங்க வீட்லயும் இப்படி ஒரு சுவரு இருந்துச்சு," என்றாள் அம்மா. முழுக்கதையையும் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரமே ஆனது. இத்தனை வருஷம் சுமந்த விஷயம் இவ்வளவு சின்னதா என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஒரு கரண்டி, ஒரு சீப்பு, ஒரு மனுஷன்.

"தாத்தா உன்னை அடிச்சாரா?"

"அடிச்சாரு."

"நீ நான்தான்னு சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

"நிஜமாவே நீதான் செஞ்சியா?"

"பாதி நேரம் எது தொலைஞ்சுதுன்னே எனக்குத் தெரியாது."

பெரியவளுக்கு அழுகைக்கு நடுவில் ஒரு சிரிப்பு வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள். "அப்ப எங்ககிட்ட ஏன் பேசாமப் போயிடற? நாங்க உன்னை என்ன செஞ்சோம்?"

"நீங்க ஒண்ணும் செய்யல. வாயைத் திறந்தா அவரு குரல் வந்துருமோன்னு பயம்."

"இப்ப வந்துச்சே, அதுவா?"

"அதுதான்."

பெரியவள் யோசித்தாள். "பயமாத்தான் இருந்துச்சு," என்றாள் நேர்மையாக. "ஆனா நீ பேசாம இருக்கறப்ப வர்ற பயம் இதைவிடப் பெருசு. இது முடிஞ்சிடுச்சு. அது எப்ப முடியும்னு தெரியாது."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பாரம் இறங்கியது, மனசு லேசாயிற்று என்றெல்லாம் கதையில்தான் வரும். அவளுக்குக் களைப்புதான் வந்தது. எழுந்து கண்ணாடிச் சில்லைக் கூட்ட வேண்டும், அதற்குக்கூட உடம்பில் தெம்பில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து கூட்டினார்கள்.

சாயங்காலம் புருஷன் படியேறி வரும்போதே சின்னவன் நொண்டிக்கொண்டு ஓடி, "அப்பா, அம்மா கத்தினா! பக்கத்து வீட்டுக்கே கேட்டுச்சு!" என்று பரிசு வாங்கினவன் மாதிரி அறிவித்தான். அவன் வெறும் சட்டத்தோடு நின்ற அலமாரியைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். "கண்ணாடி என்ன, கடையில கிடைக்குது," என்றான். அன்றைக்குப் பிள்ளைகள் தூங்குமுன்பே அவள் அவனிடமும் சொன்னாள். அவன் நடுவில் எதுவும் கேட்கவில்லை. எல்லாம் முடிந்தபிறகு, "கொஞ்சம் கோவக்காரரா?" என்றான். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். அவள் வேலை பார்க்கிற அதே ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. அந்தப் பிரிவின் விரிப்புகளை அவள் வருஷக்கணக்காக மடித்திருக்கிறாள். வாசல் வழியாகப் போக வெட்கப்பட்டு, சலவை வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்வழியாகப் போனாள். மருத்துவரம்மா கேட்ட கேள்விகளுக்கெல்லாம் முதல் தடவை, "ஞாபகம் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, அங்கே கலைந்து கிடந்த ஒரு போர்வையை மடித்து வைத்துவிட்டு வந்தாள். இரண்டாம் தடவை கொஞ்சம் பேசினாள். பிறகும் போகிறாள், வண்டி இல்லாமல்.

ரேடியோ அக்காவிடமும் ஒரு நாள் சொன்னாள். உருளைச் சத்தத்தில் அக்காவுக்குக் கேட்க வேண்டுமென்றால் கத்தித்தான் சொல்ல வேண்டும். விரிப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு, "எங்கப்பா என்னை அடிப்பாருக்கா!" என்று கத்தினாள். ரேடியோ அக்காவின் கை நின்றது. உருளையிலிருந்து வந்த விரிப்பு சுருண்டு கீழே விழுந்தது. அதை எடுத்து உதறியபடி அக்கா சொன்னாள்: "எங்க வீட்ல ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் அடிச்சுக்குவாங்க, சாமி. தம்பிங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு நான் சத்தமா கதை சொல்ல ஆரம்பிச்சேன். இன்னும் நிறுத்தல."

"உங்க பிள்ளைங்க?"

"அதுங்க காதுல எதையாவது மாட்டிக்கிட்டுத் திரியுதுங்க. நான் சோறு போட்டா போதும்னு கையக் காட்டுதுங்க, அவ்வளவுதான்." சொல்லிவிட்டு அக்கா சிரித்தாள். இருவரும் அடுத்த விரிப்பை மடித்தார்கள். அன்று மீதி நேரம் ரேடியோ அவ்வளவாகப் பாடவில்லை.

வீட்டில் அவள் புதிதாக ஒன்றைப் பழகினாள். கோபம் வந்தால், "எனக்குக் கோவம் வந்திருக்கு. இப்பப் பேச வரல. சாயங்காலம் பேசறேன்" என்று சொல்லிவிடுவது. முதலில் நாடக வசனம் மாதிரி இருந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். சில நாள் சொன்னபடி சாயங்காலமே பேசினாள். ஒரு தடவை பழையபடி இரண்டு நாள் ஆகிவிட்டது. பெரியவள் சமையலறைப் பக்கம் வந்து வந்து போனாள். இன்னொரு தடவை அம்மா சின்னவனைப் பார்த்துக் கத்தியேவிட்டாள், அவசியத்துக்கு மேலேயே. பிறகு அவனிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். அவன் அதை ஒரு வாரம் வீடு முழுக்கச் சொல்லித் திரிந்தான். அவன் உடைப்பது குறைந்திருக்கிறது, கத்துவது கூடியிருக்கிறது. பெரியவள் இன்னமும் நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் சாரி சொல்கிறாள். கோபத்தை அடக்குவது ஒரு வேலையாக இருந்தது போய், கோபத்தைக் கவனிப்பதும் சேர்ந்து இரண்டு வேலை ஆகிவிட்டது என்று அம்மாவுக்கு அலுப்பாக இருக்கும்.

அப்படி ஒரு நாள் மறுபடி பள்ளிக்கூடத்திலிருந்து போன்.

ஆசிரியை இந்த முறை எழுந்து நின்றே பேசினாள். "அம்மா, என்னால முடியல. காம்பஸ் முனையால பெஞ்சுல ஆழமாக் கீறி வச்சிருக்கா. நான் இல்லங்கறா."

"அவதான்னு எப்படித் தெரியும் மிஸ்?"

"கீறியிருக்கறது அவ பேரு!"

பக்கத்தில் நின்ற பெரியவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "வேற யாராவது என் பேரை எழுதியிருப்பாங்க," என்றாள்.

"போன தடவை செய்யாததைச் செஞ்சேன்னா. இப்பச் செஞ்சதை இல்லங்கறா. நான் எதைத்தான் நம்பறது, நீங்களே சொல்லுங்க!" ஆசிரியை நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. இந்த நேரத்தில் சிரித்தால் நன்றாக இருக்காது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்புக்குப் பின்னாலேயே கோபமும் வந்தது. உண்மையான, சாதாரணமான கோபம். வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறாள், அரை நாள் சம்பளம் போகும், இடுப்பு வலிக்கிறது.

பஸ் கிடைக்கவில்லை. இருவரும் நடந்தார்கள். வெயில் இறங்கியிருந்தது. பெரியவள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"எனக்குக் கோவம் வந்திருக்கு," என்றாள் அம்மா.

"தெரியுது."

"பெஞ்சை நாளைக்கு நீயே உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும். அப்பாகிட்ட இருக்கு, வாங்கிக்க."

"சரி." கொஞ்ச தூரம் போனபிறகு பெரியவள் சேர்த்துக்கொண்டாள். "ஆனா நான் இல்ல."

அம்மாவுக்குத் தொண்டை இறுகியது. எச்சிலை விழுங்கினாள். "நீதான்னு எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். வீட்டுக்குப் போனப்புறம் மறுபடி கேப்பேன். நீ சொல்ற வரைக்கும் கேப்பேன். பேசாம மட்டும் இருக்க மாட்டேன். நடுவுல எனக்கு ஒரு அரை மணி நேரம் படுக்கணும், அவ்வளவுதான்."

"அடிப்பியா?"

"இல்ல."

"கத்துவியா?"

"கத்தினாலும் கத்துவேன். சொல்ல முடியாது."

பெரியவள் அதை மனசில் நிறுத்துப் பார்க்கிறவள் மாதிரி வந்தாள். தெரு முனை திரும்பும்போது ஒரு தடவை திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மளிகைக் கடை தாண்டும்போது இன்னொரு தடவை பார்த்தாள். இன்னும் ஒரு தடவை பார்ப்பாள் என்று அம்மா முகத்தைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தாள். பெரியவள் வழியில் கிடந்த ஒரு காலி டப்பாவை உதைத்தாள். அது சாக்கடை ஓரம் உருண்டது. அதைத் துரத்திக்கொண்டு அவள் முன்னால் போய்விட்டாள்.